எலும்பு ஒட்டியது, கால் இன்னும் வரவில்லை

கணுக்கால் முறிவுக்கென்று ஒரு மதிப்பெண் தாள் இருக்கிறது. ஒலெருட், மொலாண்டர் என்ற இரண்டு ஸ்வீடன் மருத்துவர்கள் 1984-இல் தயாரித்தது. ஒன்பது கேள்விகள், மொத்தம் 100 மதிப்பெண். வலிக்கு 25. வேலையும் அன்றாடக் காரியங்களும் முன்போலச் செய்ய முடிந்தால் 20. விறைப்பு, வீக்கம், படி ஏறுதல், தடி பிடிக்காமல் நடத்தல் ஆகியவற்றுக்குப் பத்துப் பத்து. ஓடுவதற்கு 5, குதிப்பதற்கு 5, குந்தி உட்கார்வதற்கு 5. கணுக்கால் அறுவை சிகிச்சை பற்றிய ஆய்வுகள் பலவற்றிலும் நோயாளியின் கையில் கொடுப்பது இந்தத் தாளைத்தான்.

நான் கும்பகோணம் பக்கத்தில் கணக்கு டீச்சர். வினாத்தாளைப் பார்த்தால் எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்றுதான் முதலில் கண் போகும். குந்துவதற்கு ஐந்து. சம்மணத்துக்குக் கேள்வியே கிடையாது. கொல்லைப்புறத்தில் இந்தியக் கழிப்பறை, தரையோடு தரையாக அரிவாள்மணை, வெள்ளிக்கிழமை கோயிலில் விளக்கு பூஜை, கல்யாண வீட்டில் பாயில் உட்கார்ந்து பேச்சு என்று வாழ்கிற எங்களுக்கு அந்த ஐந்து மதிப்பெண்ணில்தான் பாதி வாழ்க்கை இருக்கிறது. ஸ்வீடன்காரர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் எது தேவையோ அதைக் கேட்டார்கள். நம் வீட்டுக்கு எது தேவை என்று நாம்தான் நம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

போன வருஷம் ஐப்பசி மழையில், சாலையோரம் தோண்டி மூடாமல் விட்ட குழி ஒன்றில் வலது காலை வைத்தேன். மேலே தண்ணீர் நின்றதால் குழி இருப்பது தெரியவில்லை. பாதம் உள்ளே மாட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. எக்ஸ்ரேயில் பார்த்தபோது காலின் வெளிப்பக்கத்துச் சிறிய எலும்பு, மூட்டுக்கு மேலே ஓரிடத்தில் முறிந்திருந்தது. அதைவிடப் பெரிய சேதம் ஜவ்வில். உள்பக்க ஜவ்வு கிழிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புகளையும் அடியில் சேர்த்துப் பிடிக்கும் ஜவ்வும் கிழிந்திருந்தது. முறிந்த எலும்பைவிட இதைப் பற்றித்தான் மருத்துவர் அதிகம் பேசினார்.

கணுக்கால் மூட்டு தச்சர் வேலை மாதிரி. இரண்டு கால் எலும்புகளும் சேர்ந்து ஒரு பொளி வெட்டியதுபோல நிற்கின்றன. அதற்குள் தாலஸ் என்ற எலும்பு முளைபோல உட்கார்ந்திருக்கிறது. பொளி கொஞ்சம் அகன்றாலும் முளை ஆடும். ராம்சே, ஹாமில்டன் என்ற இருவர் 1976-இல் செய்த சோதனையை என்னால் மறக்க முடியவில்லை. இறந்தவர்களின் கணுக்கால்களில் கரி பூசி, எலும்பும் எலும்பும் தொடுகிற இடம் எவ்வளவு என்று அளந்தார்கள். தாலஸ் ஒரே ஒரு மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தால் தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இவ்வளவு குறைவதில்லை என்று சொன்னாலும் அடிப்படை மாறவில்லை. உடம்பின் எடை முழுவதும் சின்ன இடத்தில் இறங்கினால் குருத்தெலும்பு தேயும், சில வருஷங்களில் மூட்டுவாதம் வரும்.

அத்தை புத்தூர் கட்டுப் போடலாம் என்றார். அவருடைய அப்பாவுக்கு முன்கை ஒடிந்தபோது அங்கே கட்டுப் போட்டுத்தான் குணமானதாம். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் மூட்டே விலகி நிற்கும்போது வெளியிலிருந்து இறுக்கும் எந்தக் கட்டும் அந்த ஒரு மில்லிமீட்டரைக் காப்பாற்றாது. மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, நல்ல காலின் படத்தையும் பக்கத்தில் வைத்து அத்தைக்கே காட்டினார். “இந்த இடைவெளி பாருங்கம்மா, இது மூடணும்” என்றார். அத்தை அதற்கப்புறம் பேசவில்லை.

உடனே அறுவை சிகிச்சை செய்யவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் “ஏன் இழுத்தடிக்கிறாங்க” என்று கேட்டார்கள். கணுக்காலைச் சுற்றித் தோல் மெல்லியது. வீங்கி விடைத்திருக்கும்போது அறுத்தால் தையல் பிரியும், சீழ் பிடிக்கும். அதனால் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்து, வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழும்வரை காத்திருப்பது வழக்கம். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் அந்தக் காத்திருப்பைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சிறிய எலும்பின் மேல் தகடும் ஸ்க்ரூக்களும் வைத்தார்கள். கிழிந்த நடு ஜவ்வு ஆறும்வரை இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடிக்க ஒரு நீள ஸ்க்ரூ. சில மருத்துவமனைகளில் இந்த ஸ்க்ரூவுக்குப் பதிலாக, இரண்டு பக்கமும் பட்டன் வைத்த உறுதியான நூலைக் கோத்து இறுக்குகிறார்கள். உள்பக்க ஜவ்வைத் தைக்கவில்லை. தாலஸ் தன் இடத்துக்கு வந்துவிட்டால் அது பெரும்பாலும் தானே சேர்ந்துகொள்ளும் என்றார்.

அப்புறம் வந்தது “கால் ஊனக் கூடாது” என்ற காலம். பொதுவாக ஆறு வாரம். எங்கள் வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு நிலைப்படி, சமையலறைக்கும் கொல்லைக்கும் நடுவே இன்னொன்று. வாக்கரைத் தூக்கி வைத்து ஒற்றைக் காலில் அதைத் தாண்டுவது எவ்வளவு பெரிய வேலை என்பது தாண்டியவர்களுக்குத்தான் தெரியும். பிளாஸ்டிக் கமோடு நாற்காலி ஒன்று வாங்கினோம். வயதான அம்மாவோ அப்பாவோ அறுவை சிகிச்சைக்குப் போகிறார் என்றால், அவர் வீடு திரும்பும் முன்பே அந்த நாற்காலி வீட்டில் இருக்கட்டும். இதை மருத்துவமனையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த ஆறு வாரம் எல்லாருக்கும் தேவைதானா என்று பிரிட்டனில் 23 மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வு செய்தன. முடிவு 2024-இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பிரிவினரை அறுவைக்குப் பிறகு இரண்டாவது வாரத்திலேயே கால் ஊன்றச் சொன்னார்கள், மற்றவர்களை ஆறாவது வாரத்தில். நான்கு மாதம் கழித்து முன்னால் சொன்ன அதே மதிப்பெண் தாளைக் கொடுத்தார்கள். சீக்கிரம் ஊன்றியவர்களுக்குச் சராசரி 65.9, தாமதமாக ஊன்றியவர்களுக்கு 61.2. அதாவது சீக்கிரம் ஊன்றியதால் மோசமாகிவிடவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தானாகக் காலை ஊன்றிவிடக் கூடாது. எலும்பின் வலு, முறிவின் வகை, ஜவ்வின் நிலை எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் மருத்துவரிடம் “நான் எப்போது ஊன்றலாம், ஏன் அவ்வளவு நாள்?” என்று கேட்பதில் தவறே இல்லை.

அந்த எண்களில் எனக்கு ஆறுதல் கொடுத்தது வேறொன்று. நான்கு மாதம் ஆகியும், நல்ல மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்களின் சராசரியே நூற்றுக்கு அறுபத்தைந்துதான். என் ஊரில் நான்காவது மாதம் எல்லாரும் என்னைப் பார்த்து “இன்னுமா நொண்டுறீங்க டீச்சர்?” என்று கேட்டார்கள். அக்கறையில் கேட்ட கேள்விதான். ஆனால் கேட்கக் கேட்க, ஏதோ தவறாகிவிட்டது என்ற பயம் உள்ளே வந்துவிடும். எதுவும் தவறாகவில்லை, இது இவ்வளவு நாள் பிடிக்கும் சங்கதி என்று முதல் நாளே யாராவது சொல்ல வேண்டும். வேகமாகத் தேறுவது முதல் ஆறு மாதத்தில். அதற்கப்புறமும் ஒரு வருஷம்வரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். சாயங்காலமானால் வரும் வீக்கமும் அப்படித்தான், பல மாதம் இருக்கும்.

கட்டைப் பிரித்த அன்று காலைப் பார்த்தால் என் கால் மாதிரியே இல்லை. தோல் செதில் செதிலாக உரிந்தது. கெண்டைக்கால் சதை பாதியாக வற்றியிருந்தது. பாதத்தை மேலே மடக்கச் சொன்னார்கள். மடக்கினேன் என்றுதான் நினைத்தேன். விரல்கள் மட்டும்தான் அசைந்தன. எக்ஸ்ரேயில் எல்லாம் அழகாகச் சேர்ந்திருந்தது. பிசியோதெரபிக்கு வந்த பெண் சின்ன வயசுதான். என் காலைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எலும்பு ஒட்டிடுச்சு டீச்சர், கால் இன்னும் வரல. கால் வர்றது நம்ம கையில இருக்கு” என்றாள்.

நம் குடும்பங்களில் தகடு வைத்த காலை யாரும் அசைக்க விடுவதில்லை. “உள்ளே இரும்பு இருக்கு, பார்த்து” என்பார்கள். உண்மை நேர் எதிர். 1958-இல் ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரில் சில எலும்பு மருத்துவர்கள் ஏஓ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்து எலும்பு ஒட்டியும் மூட்டு இறுகிப்போய், சதை வற்றி, ஆள் முடமாவதைப் பார்த்து வெறுத்துப்போனவர்கள் அவர்கள். எலும்பை உலோகத்தால் உறுதியாகப் பிணைத்துவிட்டால் மூட்டைச் சீக்கிரம் அசைக்கலாம் என்பதுதான் அவர்களுடைய கொள்கை. தகடு வைப்பதே மூட்டை அசைப்பதற்காகத்தான். மருத்துவர் அனுமதித்த பிறகும் அசைக்காமல் பொத்திப் பொத்தி வைத்தால் தகடு வைத்ததில் பாதிப் பயன் போய்விடும்.

முதல் பயிற்சி எழுத்து. கட்டிலில் காலை நீட்டி, கட்டைவிரலைப் பேனாவாக வைத்துக் காற்றில் அ, ஆ எழுத வேண்டும். முழங்கால் அசையக் கூடாது, கணுக்கால் மட்டும்தான் எழுத வேண்டும். ‘ட’ சுலபம். ‘இ’ எழுதும்போது பாதம் உள்ளே சுழன்று வெளியே வர வேண்டும், அங்கேதான் முள் குத்தியதுபோல வலிக்கும். உயிரெழுத்து முடிவதற்குள் வியர்த்துவிடும். துண்டை உள்ளங்காலில் மாட்டி இரண்டு கையாலும் இழுப்பது அடுத்தது.

பாதம் மேல்நோக்கி மடங்குவதுதான் கடைசியாக வருகிறது, நம் வீட்டில் முதலில் தேவைப்படுவதும் அதுதான். சமதரையில் நடக்கப் பத்துப் பாகை அளவு மடங்கினால் போதும். முழுதாகக் குந்த முப்பது பாகைக்கு மேல் வேண்டும். இதை வீட்டிலேயே அளக்கலாம். சுவரைப் பார்த்து நின்று, காலை முன்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி மறுபடி. சுவருக்கும் கட்டைவிரலுக்கும் உள்ள அதிகபட்சத் தூரத்தை ஸ்கேலால் அளந்தால் அதுதான் உங்கள் அளவு. ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஏறக்குறைய 3.6 பாகை. நான் இரண்டு காலையும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அளந்து, காலண்டரில் எழுதி வந்தேன். ஆரம்பத்தில் கட்டைவிரலைச் சுவரில் ஒட்டி வைத்தும் வலது முழங்கால் சுவரைத் தொடவில்லை. எண் ஏறுவதைக் கண்ணால் பார்க்கும்போது வருகிற தெம்பு, “பரவாயில்லை, தேறிட்டீங்க” என்று நூறு பேர் சொன்னாலும் வராது.

படி இறங்குவதும் இதே கணக்குத்தான். என் வகுப்பு முதல் மாடியில். ஏறிவிடுவேன், இறங்கத்தான் முடியாது. ஏறும்போது பாதம் அவ்வளவு மடங்க வேண்டியதில்லை. இறங்கும்போது மேல்படியில் நிற்கிற காலின் முழங்கால் முன்னால் போக வேண்டும், குதிகால் படியிலேயே இருக்க வேண்டும். மடங்காத கணுக்கால் அதை விடாது. “ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது அடிபட்ட கால்” என்பது பிசியோதெரபியில் சொல்லிக்கொடுக்கும் விதி. அடிபட்ட காலை முதலில் கீழ்ப்படியில் இறக்கினால், மேலே நின்று மடங்குகிற வேலை நல்ல காலுக்குப் போய்விடும். என் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பார்த்துப் புரிந்துகொண்டு, நான் இறங்கும்போது கைப்பிடிப் பக்கத்தை விட்டு ஒதுங்கி நிற்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஜவ்வுக் காயத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஜவ்வு எலும்பைக் கட்டி வைக்கும் கயிறு மட்டுமில்லை, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அதில் இருக்கின்றன. 1965-இல் ஃப்ரீமன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதைச் சுட்டிக்காட்டினார். கணுக்கால் சுளுக்கியவர்களுக்கு அடிக்கடி கால் பிரள்வதற்கு இந்த உணர்வு கெட்டுப்போவது ஒரு காரணம் என்றும், ஆடும் பலகையில் நிற்கப் பழக்கினால் குறையும் என்றும் எழுதினார். பலகை இல்லாவிட்டால் தலையணை போதும். நான் சுவர் ஓரமாக நின்று பல் தேய்க்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நிற்கப் பழகினேன். கண்ணைத் திறந்துகொண்டு நிற்க வந்தபின் கண்ணை மூடிக்கொண்டு. கண்ணை மூடிய அந்த நொடியில் கால் எப்படித் தடுமாறுகிறது என்று பார்த்தால்தான், இத்தனை நாள் கண்ணை வைத்துத்தான் நின்றிருக்கிறோம் என்பது தெரியும். இந்தப் பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், வலி இல்லாததால் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

பிசியோதெரபிக்கு ஆறு மாதம் பணம் கட்ட எல்லாராலும் முடியாது. அவர்களுக்கு ஒரு நல்ல சேதி. ஆஸ்திரேலியாவில் கணுக்கால் முறிந்த 214 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2015-இல் வந்தது. கட்டுப் பிரித்ததும் என்னென்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி அனுப்பியவர்களும், கூடவே இருந்து பயிற்சி கொடுக்கப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறினார்கள். பயிற்சியே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆரம்பத்தில் விவரமாகச் சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலானோர் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்றுதான் அர்த்தம். நம்மூரில் குறைவது அந்த விவரமான பேச்சு. “நடங்க, சரியாயிடும்” என்பதோடு அனுப்பிவிடுகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். எங்கள் தெருவில் பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவருக்கு அப்படித்தான் நடக்க வந்தது. வெளியே போக முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-இல் சொன்னது, அதனால் இது யாரோ சிலருக்கான பேச்சில்லை. கால் மரத்துப்போனவருக்கு வலி தெரியாது. வலி தெரியாமல் ஊன்றி நடந்தால் ஸ்க்ரூ பெயரும், மூட்டே நொறுங்கிச் சிதையும். அதனால்தான் அவர்களை மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு காலம் ஊன்றாமல் இருக்கச் சொல்கிறார்கள். என் சித்தப்பாவுக்கு அப்படிச் சொன்னபோது மருத்துவரைத் திட்டினார். இப்போது பள்ளிவாசல் தெருவரைக்கும் நடந்து போய்ப் பால் வாங்கி வருகிறார். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும் யாராக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தம் உறைந்திருக்கலாம்.

ஏழாவது மாத எக்ஸ்ரேயில் அந்த நீள ஸ்க்ரூ இரண்டாக உடைந்திருந்தது. என் வீட்டுக்காரர் பதறிப்போனார். மருத்துவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. பாதம் மேலே மடங்கும்போது இரண்டு எலும்பும் மிக மெல்ல விலகிக்கொடுக்கும். நடக்க நடக்க, விலகும் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஸ்க்ரூ உடையலாம், அதற்குள் ஜவ்வு ஆறியிருக்கும், பெரும்பாலும் கெடுதல் இல்லை என்றார். முன்பெல்லாம் இந்த ஸ்க்ரூவை எல்லாருக்கும் மறுபடி அறுத்து எடுத்துவிடுவார்கள். நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், தொந்தரவு கொடுத்தால் மட்டும் எடுப்பது போதும் என்று தெரிந்தது. எனக்கும் அதனால்தான் விட்டுவைத்திருந்தார்.

குந்துவது வந்துவிட்டது. குதிகால் தரையில் படிய, கைப்பிடி இல்லாமல் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். வராதது சம்மணம். சம்மணம் போட்டால் வெளிக்கணு நேராகத் தரையில் அழுந்தும். அந்த இடத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதையே கிடையாது. இப்போது எனக்குத் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே தகடு இருக்கிறது. பாயில் உட்கார்ந்தால் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையும் தனித்தனியாகத் தெரியும். நாற்காலியில் உட்கார்கிற ஊரில் இது ஒரு குறையே இல்லை, அதனால் தாளில் கேள்வியும் இல்லை. அறுவை சிகிச்சைக்கு முன்பே “நான் தரையில் உட்கார்கிற ஆள்” என்று சொல்லி வையுங்கள். தகட்டை எங்கே வைப்பது, பின்னால் எடுக்க வேண்டியிருக்குமா என்று அப்போதே பேசிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்குத் துண்டை வளையமாகச் சுருட்டி, கணு அந்தப் பள்ளத்தில் இருக்கும்படி வைத்து உட்கார்கிறேன். முதல் அரை மணி நேரம் தாங்கும். தகட்டை எடுத்தால் சரியாகிவிடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பலருக்குச் சரியாகிறது என்றார் மருத்துவர். மறுபடி மயக்க மருந்து, மறுபடி தையல், ஸ்க்ரூ இருந்த துளைகள் தூரும்வரை சில வாரம் கவனமாக நடக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதி வைத்து வீட்டில் பேசினோம். அரையாண்டு விடுமுறையில் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்து மருத்துவரிடம் தேதி கேட்டிருக்கிறேன்.